நிலாவுக்குக் கட்டிய கயிறு

பொத்தானை அழுத்திப் பூட்டியாகிவிட்டது. கேமரா கண்ணைத் திறந்துவிட்டது. இனி ஒன்பது நிமிடம், தம்பியின் இசை ஓடி முடிகிற வரை, அது இமைக்காது. நானும் தும்மக் கூடாது, இருமக் கூடாது, மேஜையில் இடித்துக்கொள்ளக் கூடாது. வெளியே ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயில் பாளையங்கோட்டையை வறுக்கிறது. உள்ளே இரண்டு ஜன்னலுக்கும் கம்பளிப் போர்வை அடித்து, கதவிடுக்கில் பழைய சேலையைத் திணித்து, என் கையே எனக்குத் தெரியாத இருட்டை உண்டாக்கி வைத்திருக்கிறேன். கை தெரியாமல் இருப்பது ஒரு விதத்தில் நல்லதுதான். மேஜைமேல் ஒரு சந்து இருக்கிறது. ஒரு முழ நீளம், இரண்டு பக்கமும் செங்கல் சுவர். சுவர்களுக்கு நடுவே, வானத்திலிருந்து நழுவி விழுந்து சிக்கிக்கொண்ட ஒரு நிலா, சாத்துக்குடி அளவில். சந்துக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து அதற்குக் கயிறு கட்டி மேலே தூக்கி அனுப்பப் போகிறார்கள். அந்தக் கயிறு வெளிச்சத்தால் ஆனது. நெல்மணி அளவு பல்பை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு, கீழேயிருந்து மேலே, காற்றில் ஒரே கோடாக நான் அதை வரைய வேண்டும். கடைசி மூன்று நிமிடம் அதற்குத்தான். கயிறு நேராக வந்தால் தம்பி ஆசீர் வியாழக்கிழமை மனைவியோடும் மகளோடும் அயர்லாந்துக்கு விமானம் ஏறிவிடுவான். நடுங்கி வந்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் போகமாட்டான். அவ்வளவுதான் விஷயம். அதற்குப் போய் காலையிலிருந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

தாழ்ந்த சுரம் தொடங்குகிறது. தரை வழியாகக் காலில் ஏறுகிறது. இது எனக்குத் தெரிந்த இடம். முதலில் நிலா. உள்ளே இருக்கிற பல்பைப் போட்டுப் பத்து எண்ண வேண்டும். ஒன்று. இரண்டு. சந்து ஒரு கணம் பால் நிறத்தில் எழுந்து நிற்கிறது, பார்க்காதே பியூலா, எண்ணு. மூன்று. நான்கு. பலூனை ஊதி, பல் செட்டுக்கு அச்சு எடுக்கிற வெள்ளைப் பொடியைக் குழைத்து அதன்மேல் மெல்லிசாகப் பூசி, காய்ந்த பிறகு பலூனைக் குத்தி உருவிவிட்டால் நிலா. ஆறு கெட்டுப் போய் ஏழாவது தேறியது. முன்பெல்லாம் முதல் தடவையே தேறும். ஏழு. எட்டு. இருபத்தாறு வருஷமாகப் பல் செட் கட்டுகிறேன். இந்த ஊரில் பாதிப் பெரிய மனுஷர்களின் சிரிப்பு என் மேஜையில் உருவானது. கல்யாண வீட்டில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் நான் முகத்தைப் பார்ப்பதில்லை, மேல் வரிசையைத்தான் பார்க்கிறேன். போன மாதம் ஒருவர் திரும்பி வந்தார். "என்னம்மா, கடிச்சா ஒரு பக்கம் தூக்குது" என்றார். இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒருவரும் திரும்பி வந்ததில்லை. டாக்டரிடம், நீங்கள் எடுத்த அச்சு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பாவம் பிடித்த டாக்டர் அச்சை நன்றாகத்தான் எடுத்திருந்தார். பத்து. அணைத்தாயிற்று. இருட்டு மறுபடி வந்து மூக்கை மூடிக்கொள்கிறது. சாம்பிராணிப் புகை கொஞ்சம் கூடிப்போனது. சந்துக்குள் பனி மாதிரி இருக்கட்டும் என்று போட்டேன். எதைச் சின்னதாகச் செய்தாலும் புகையைச் சின்னதாகச் செய்ய முடிவதில்லை. அது தன் இஷ்டத்துக்குத்தான் சுருள்கிறது.

எங்கள் முறை இது. ஆசீர் முதலில் ஒரு இசையைத் தருவான். கண்ணை மூடிக் கேட்டால் எனக்கு ஏதாவது ஒன்று தெரியும். கடலுக்கு அடியில் ஒரு ரயில் நிலையம், பெஞ்சில் டிக்கெட்டோடு காத்திருக்கிற மீன்கள். ஆலமரத்துக்கு உள்ளே ஒரு தபாலாபீஸ். தெரிந்ததை மெழுகிலும் ப்ளாஸ்டரிலும் தீக்குச்சியிலும் கட்டுவேன். படம் எடுக்கும்போது அதே இசையை ஓடவிட்டு, அது ஓடுகிற நேரம் முழுக்கக் கேமராவைத் திறந்து வைத்து, இருட்டில் பேனா டார்ச்சால் வெளிச்சம் பூசுவேன். டார்ச் பட்ட இடம் படத்தில் இருக்கும், படாத இடம் இல்லை. இசை எவ்வளவு நேரமோ படமும் அவ்வளவு நேரம். கம்ப்யூட்டரில் அழிப்பது, ஒட்டுவது, நேராக்குவது எதுவும் கிடையாது. அந்தச் சட்டத்தைப் போட்டவள் நான்தான், இப்போது மாட்டிக்கொண்டு முழிப்பவளும் நான்தான். கேமராவில் வந்ததை அப்படியே அவனுக்கு அனுப்பிவிட வேண்டும். அவன் பெரிய திரையில் விரித்து வைத்து, இசையோடு சேர்த்து, எங்கள் இணையப் பக்கத்தில் போடுவான். ஆயிரம் பேர் பார்ப்பார்கள். எங்கேயோ கனடாவிலிருந்து ஒருவர் "நீங்கள் கட்டிய தபாலாபீஸில் எனக்கு ஒரு கடிதம் இருக்கிறதா" என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு ஆசீர் ஒரு வாரம் சிரித்தான். முப்பது ஆகிவிட்டது, இது முப்பத்தொன்று. முப்பதாவதில் ஆற்றில் ஒரு படகு, படகின் விளக்கு போன தடம் ஒரு கோடு. கோடு நடுவில் கொஞ்சம் அலுங்கியிருந்தது. "மெயின் ரோட்டுல பஸ் போச்சுலே, மேஜை ஆடிட்டு" என்றேன். "சரிக்கா" என்றான். சரிக்கா என்றுதான் சொன்னான், வேறு ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது இடது சுவர். டார்ச்சின் முனையில் உறிஞ்சுகுழல் சொருகியிருக்கிறேன், வெளிச்சம் சிதறாமல் ஒரு புள்ளியாகப் போய் விழ. கீழிருந்து மேலே, வெள்ளையடிக்கிற மாதிரி. கை ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றுமில்லை, நன்றாகவே ஓடுகிறது, யார் பார்த்தாலும் ஒன்றும் சொல்ல முடியாது. நீட்டி ஒரே இடத்தில் நிறுத்தினால்தான், சற்றுப் பொறுத்து, யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி அது வரும். இந்த இடது சுவர் பழையது. ஒன்பதாவது படத்துக்குச் செய்தது, அப்பா உயிரோடு இருந்தபோது. சந்துக்கு இரண்டு சுவர் வேண்டும், கை சீக்கிரம் அசந்துவிடுகிறது, பரணில் ஒன்று சும்மாத்தானே கிடக்கிறது என்று எடுத்துத் தூசி தட்டிவைத்தேன். எல்லாத்தையும் ஸ்கேல் வைத்து அளந்து செய்வேன். கதவு, ஜன்னல், மனுஷன், எல்லாம் அளவு. செங்கல்லுக்கு மட்டும் அளவு கிடையாது. ப்ளாஸ்டர் ஈரமாக இருக்கும்போதே மெழுகுக் கத்தியால் கோடு கிழித்துக்கொண்டே போக வேண்டும், நின்றால் இறுகிவிடும். கண்ணும் கையும் போகிற போக்குதான் அளவு. வலது சுவரைப் புதிதாகச் செய்து எதிரே நிறுத்தினேன். நிறுத்திவிட்டு டீ குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே ஊர்ச் செங்கல் இல்லை. பழைய சுவரில் கல்லெல்லாம் ஒரே சீராக நிற்கிறது. புதிய சுவரில் இடது ஓரத்தில் சரியாகத் தொடங்கி, போகப் போகச் சுருங்கி, வலது ஓரத்துக்குப் போகும்போது பாதி அளவாகிவிட்டது. ஒவ்வொரு வரியும் அப்படித்தான். எனக்குத் தெரியவே இல்லை. கிழிக்கும்போது எல்லாம் ஒரே அளவு என்றுதான் நினைத்துக்கொண்டு கிழித்தேன்.

வரி வரியாகச் சுருங்குவதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அப்பாவின் கடிதங்கள். நான் சென்னையில் பல் வேலை படித்துக்கொண்டிருந்தபோது வாரம் ஒரு இன்லண்ட் கடிதம் வரும். "அன்புள்ள பியூலாவுக்கு" என்பது முத்து முத்தாக இருக்கும். வரி முடிகிற இடத்தில் எழுத்து எறும்பாகிவிடும். மடிப்புக்குப் பக்கத்தில் படிக்கவே முடியாது. நான் என்ன நினைத்தேன், இடத்தை மிச்சம் பிடிக்கிறார், நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன். விடுதித் தோழிகளிடம் பெருமையாகக் காட்டினேன், எங்க அப்பாவுக்குப் பாசம் அதிகம் என்று. சரித்திர வாத்தியார். கரும்பலகையில் அவர் எழுதினால் கடைசி பெஞ்சுக்குத் தெரியும் என்று பெயர் வாங்கியவர். பிறகு கடைசி பெஞ்சுப் பையன்கள் "சார், தெரியல" என்றார்கள். அடங்காத பையன்கள் என்று அவர்களை வெளியே நிறுத்தினார். பிறகு நடு பெஞ்ச். அப்புறம்தான் கை. சாஸரில் கப் தாளம் போட ஆரம்பித்தது. அப்புறம் கால், அப்புறம் நாக்கு. கடைசி ஆறு வருஷம் இந்த அறையில்தான் கிடந்தார், இப்போது நான் நிற்கிற இடத்தில் கட்டில். அவருக்கு வெளிச்சம் ஆகாது என்று ஜன்னலை அடைத்தே வைத்திருப்போம். அடைத்த அறை சும்மா கிடக்கிறதே என்றுதான் இந்தப் படம் எடுக்கிற பைத்தியமே தொடங்கியது. அவர் தூங்க, நான் ஒரு மூலையில் மெழுகு வீடு கட்ட, ஆசீர் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் சுரம் போட. அவரைக் கழுவியது, துடைத்தது, புரட்டிப் போட்டது, ஸ்பூனில் கஞ்சி ஊட்டியது எல்லாம் ஆசீர். என்னால் முடியவில்லை. நான் வேலைக்குப் போகிறேன் என்று போய்விடுவேன். வேலை ஆறு மணிக்கு முடிந்தாலும் எட்டு மணிக்குத்தான் வருவேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவனும் சொல்லிக்காட்டியதில்லை.

சுரம் ஒரு படி ஏறுகிறது. வலது சுவர். சீக்கிரம், மேலோட்டமாக. வலது ஓரத்தில் வெளிச்சம் குறைவாகப் பட்டால் போதும், செங்கல் தெரிய வேண்டாம். பாசி படிந்த மாதிரி பச்சை பூசி மறைத்திருக்கிறேன். கூரை ஓட்டுக்கு, பல் செட்டில் ஈறு செய்கிற ரோஸ் பொடி, அது மட்டும் நன்றாக வந்திருக்கிறது. ஹெப்சி, ஆசீரின் மனைவி, நர்ஸ். அப்பா படுத்த வருஷம் அவளுக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது, குடும்பத்தோடு வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆசீர் போகவில்லை. அப்பாவை யார் பார்ப்பது. அவள் தனியாகப் போனாள், வருஷத்துக்கு ஒரு மாதம் வந்தாள். ஒரு தடவை வந்து இறங்கியபோது மகள் அவளை ஆன்ட்டி என்று கூப்பிட்டுவிட்டது. குழந்தை உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு "அம்மா" என்று மாற்றிச் சொன்னது, ஆனால் ஹெப்சி அப்படியே பெட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டாள். ஆறு வருஷம். இப்போது அயர்லாந்து. போன பொங்கலுக்கு அடுப்படியில் என் பக்கத்தில் நின்று தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள், "மதினி, இந்தத் தடவையும் அவிய நின்னுட்டாவன்னா நான் திரும்பி வரமாட்டேன். கோவத்துல சொல்லல, கேட்டேளா. யோசிச்சுத்தான் சொல்லுதேன்." "போவாம்மா, அவனுக்கு இங்க என்ன கெடக்கு, நான் சொல்லி அனுப்புதேன்" என்றேன். சொல்லும்போது வலது கையை மாவுக்குள் புதைத்து வைத்திருந்தேன்.

ஜன்னல்கள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு தொடுகை, மூன்று எண்ணிக்கை. எல்லாத்திலும் ஒரு தலை எட்டிப் பார்க்கிறது. இது லுங்கிக்காரர், நிலாவைத் தோளால் தள்ளுகிறவர். இது பால் குண்டானோடு நிற்கிற அம்மாள், நிலா சந்தை அடைத்துக்கொண்டதால் வேலைக்குப் போக முடியாத கோபத்தில் இருக்கிறவள். எனக்கு இவளைத்தான் பிடிக்கும். ப்ளாஸ்டர் டின்னுக்குள் மாத்திரை அட்டை இருக்கிறது. இந்த வீட்டில் ஆசீர் கை விடாத ஒரே இடம் அதுதான், அவனுக்கு அந்தப் பொடி தும்மல். நாகர்கோவிலில் ஒரு டாக்டர். மெழுகு வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அவர் ஒரு தாளைத் தந்து சுருள் வரையச் சொன்னார். பிறகு பெயரைப் பத்துத் தடவை எழுதச் சொன்னார். பியூலா, பியூலா, பியூலா என்று ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினேன். மேலே இருக்கிறவள் வளர்ந்த பெண், கீழே இருக்கிறவள் தொட்டில் பிள்ளை. அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஆரம்பம்தான்மா. மாத்திரைல பல வருஷம் ஓட்டிரலாம். வீட்ல கூட யார் இருக்கா?" என்றார். தம்பி இருக்கிறான் என்று வாயில் வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "எல்லாரும் இருக்காங்க" என்றேன். அப்பாவுக்கு நடுக்குவாதம் இருந்ததால்தான் எனக்கும் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தார் போல. திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, வள்ளியூர் வரைக்கும் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மெழுகு வாங்காமல் வந்துவிட்டது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. "கடை அடைச்சிருந்துலே" என்றேன். அதற்கும் சரிக்கா.

இன்னும் எவ்வளவு. நாலரை நிமிடம் இருக்கும். ஆசீர் இந்த இசையைத் தந்து இரண்டு மாதம் ஆகிறது, எனக்கு மனப்பாடம். ஆனால் இன்றைக்குக் காலையில் ஆராதனை முடிந்து, ஆர்கனை மூடிவிட்டு இறங்கி வந்தவன், கூட்டத்துக்கு நடுவில் என் கையில் பென் டிரைவை வைத்தான். "கடைசில கொஞ்சம் மாத்திருக்கேன்க்கா. நேரம் அதேதான். இப்பக் கேக்காத. படம் எடுக்கும்போது போடு, போதும்." ஏன்லே என்றேன். "சும்மாத்தான்" என்றான். எடுத்துக் கொடுத்த கையை உடனே இழுத்துக்கொள்ளாமல் என் விரல்களை மூடி ஒரு நொடி பிடித்திருந்தான். சர்ச் வாசலில் அக்கா தம்பி கை பிடித்து நிற்பது என்ன வழக்கம், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நானாக உருவிக்கொண்டேன். ஊருக்குப் போகிற துக்கம் என்று நினைத்தேன். இரண்டு வாரத்துக்கு முன் செட்டைப் பார்க்க வந்தபோதும் ஏதோ ஒரு மாதிரிதான் இருந்தான். நிலாவைப் பார்த்துச் சிரித்தான். பால் குண்டான் அம்மாளைப் பார்த்துச் சிரித்தான். பிறகு குனிந்து வலது சுவரின் இடது ஓரத்தில் ஒரு செங்கல்மேல் கட்டை விரலை வைத்தான். அப்படியே விரலை நகர்த்திக்கொண்டு போய் வலது ஓரத்தில் வைத்தான். "பாசி நல்லா வந்திருக்குக்கா" என்றான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என்னுடைய சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கயிறு. வந்துவிட்டது. டார்ச்சை வைத்துவிட்டுச் சின்ன பல்பை எடுக்க வேண்டும். தடவு, அங்கேதான், இடுக்கிக்குப் பக்கத்தில். வலது கையில் கறுப்பு உறை மாட்டியிருக்கிறேன், அது படத்தில் விழாது. இடது கையால் ஒரு வாரம் பழகிப் பார்த்தேன், குடித்தவன் நடந்த பாதை மாதிரி வந்தது. ஊசி ஒன்றை நட்டு அதன்மேல் உரசிக்கொண்டே போய்ப் பார்த்தேன், ஊசி குறுக்கே நின்று கோடு அறுந்து அறுந்து விழுந்தது. மத்தியான மாத்திரையைச் சரியாக ஒன்றரைக்குப் போட்டேன், இப்போதுதான் அது உச்சத்தில் இருக்கிற நேரம், கணக்குப் போட்டுத்தான் எல்லாம் செய்திருக்கிறேன். நிலாவின் தலையைத் தொட்டாயிற்று. பல்பைப் போடு. மேலே. மெதுவாக. மெதுவாகப் போனால்தான் கயிறு தடிக்கும். ஒரு சாண் உயரம், மூன்று நிமிடம். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள். மூச்சு விடாதே. ஆண்டவரே, ஒரு கோடு. இந்த ஒரு கோடு மட்டும். அப்புறம் இந்தக் கை எக்கேடும் கெட்டுப் போகட்டும். அரை அங்குலம். நேராக இருக்கிறது. ஒரு அங்குலம். நேராகத்தான் இருக்கிறது. இந்த இடத்தில் ஒற்றைச் சுரம் ஒன்று வந்து கடைசி வரை நீண்டு நிற்கும், தெருவிளக்குக் கம்பம் மாதிரி நேராக. அதைப் பிடித்துக்கொண்டே ஏறிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். இதோ வருகிறது. வந்துவிட்டது.

என்ன இது. ஸ்பீக்கர் அதிர்கிறதா. இல்லை. சுரம் நடுங்குகிறது. ஆர்கன் நடுங்குகிறது. ஆசீர் வாசித்தால் நடுங்காதே. ஆலயத்து ஆர்கனில் சுரத்தை நடுங்கவைக்க ஒரு சுவிட்ச் உண்டு. அப்பா படுத்த வருஷம் அதன்மேல் ப்ளாஸ்திரி ஒட்டினான், இன்றுவரை எடுக்கவில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து "தம்பி, அந்த ஆட்டத்தப் போட்டு ஒரு பாட்டு வாசிங்களேன்" என்று கெஞ்சுவார்கள். "சுரம்னா நேரா நிக்கணும். ஆடுதது எனக்கு ஆகாது" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடுவான். அந்த ப்ளாஸ்திரியைப் பிய்த்திருக்கிறான். ஒரு நொடிக்கு நாலு, ஐந்து. நாலு, ஐந்து. இந்த வேகம் எனக்குத் தெரியும். பஸ்ஸில் மடியில் கிடக்கிற கையைப் பார்த்து எண்ணியிருக்கிறேன். வந்துவிட்டது, அதுவும் வந்துவிட்டது, கட்டை விரலில் தொடங்கி மணிக்கட்டுக்கு. பல்பு ஆடுகிறது. இருட்டில் ஒரு மின்மினி நின்ற இடத்திலேயே நடுங்குகிற மாதிரி என் விரல் நுனி ஆடுகிறது. சுரமும் ஆடுகிறது. இரண்டும் ஒரே ஆட்டம். எனக்கு அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட் மாதிரி கச்சிதமாக இருக்கிறது. அப்படியென்றால் படகு விளக்கிலேயே பார்த்துவிட்டான். பெரிய திரையில் விரித்து வைத்து, ஒவ்வொரு அலுங்கலாக எண்ணியிருக்கிறான். ஆறு வருஷம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினவனுக்கு நான் பஸ் கதை சொல்லியிருக்கிறேன். பாசி நல்லா வந்திருக்குக்கா. அடப்பாவி. அடப்பாவி தம்பி.

மேலே போ. நிறுத்தாதே. நிறுத்தினால் வெளிச்சம் அந்த இடத்திலேயே குவிந்து முடிச்சு விழுந்துவிடும். அவனுக்குத் தெரியும். படகு எடுத்தது தை மாதம், அப்படியானால் ஏழு மாதமாகத் தெரியும். ஏழு மாதமாகத் தெரிந்துகொண்டு தினமும் சாயங்காலம் இந்த வீட்டுக்கு வந்து டீ குடித்திருக்கிறான், நான் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டே வாங்கியிருக்கிறான். டிக்கெட் எடுத்தது ஆனியில். அப்படியானால். தெரிந்த பிறகுதான் டிக்கெட் எடுத்திருக்கிறான். தெரிந்துதான் பெட்டி கட்டுகிறான். தெரியாமல் போவான் என்று நான் எத்தனை பொய், எத்தனை பாசி. அவன் தெரிந்தே போகிறான். சரிதானே. நான் கேட்டது இதுதானே. ஹெப்சிக்கு நான் கொடுத்த வாக்கு இதுதானே. நேற்று இரவு முழங்காலில் நின்று வேண்டிக்கொண்டது இதுதானே, அவன் போக வேண்டும், அவன் போக வேண்டும் என்று. பின்னே ஏன் கன்னத்தில் ஏதோ ஊர்கிறது. உறைக்குள் கை வியர்த்து வழுக்குகிறது. கன்னத்தைத் துடைக்கக் கை இல்லை. போகட்டும், ஆடட்டும். இனி எதற்கு இறுக்கிப் பிடிக்க வேண்டும். முழங்கையை விலாவிலிருந்து விட்டுவிட்டேன். சுரம் ஆடுகிற ஆட்டத்துக்குக் கை ஆடிக்கொண்டு ஏறுகிறது, சுவர் உயரம் தாண்டி, ஓடு தாண்டி, சந்து தாண்டி. இவ்வளவு சுலபமாக இது ஏறி எத்தனை நாளாயிற்று. சுரம் மெலிகிறது. பல்பை அணைக்கிறேன். சுரம் இல்லை. பொத்தானைத் தட்டுகிறேன். கேமரா கண்ணை மூடிக்கொண்டது.

கதவிடுக்குச் சேலையை உருவவில்லை, போர்வையை விலக்கவில்லை, இருட்டிலேயே நின்று கேமராவின் சின்னத் திரையைப் பார்க்கிறேன். இரண்டு சுவர். ஒன்றில் கல் சீராக இருக்கிறது, ஒன்றில் சுருங்குகிறது. பாசி ஒன்றையும் மறைக்கவில்லை. நடுவில் நிலா. நிலாவின் உச்சியிலிருந்து கயிறு. பாரம் தாங்குகிற கயிறு எப்படித் துடிக்குமோ அப்படித் துடித்துக்கொண்டு மேலே போகிறது. சந்துக்காரர்கள் எல்லோரும் உண்மையாகவே இழுக்கிற மாதிரி இருக்கிறது. முப்பத்தொன்றில் இதுதான் நன்றாக வந்த படம். நேராக வந்திருந்தால் வெறும் கோடுதான். போன் அடிக்கிறது. நேரத்தை அவனும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

"முடிஞ்சிட்டாக்கா?"

"முடிஞ்சிட்டுலே."

"எப்படி வந்திருக்கு?"

"நல்லா வந்திருக்கு."

"கயிறு?"

"ஆடியிருக்கு" என்கிறேன். "பாட்டுக்குச் சரியா ஆடியிருக்கு."

அந்தப் பக்கம் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நிற்கிறது. ஹெப்சி தூரத்தில் யாரிடமோ எடை எவ்வளவு என்று கேட்கிறாள். நான் காத்திருக்கிறேன். நிலாவுக்கு எண்ணின மாதிரி எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு. இப்போது கேட்பான். நான் நின்னுரட்டுமாக்கா என்று கேட்பான். வேண்டாம்லே என்று சொல்ல வேண்டும், உடனே சொல்ல வேண்டும், குரல் ஆடாமல் சொல்ல வேண்டும். ஏழு. எட்டு.

"வியாழக்கெழம மூணு மணிக்குக் காரு வருது" என்கிறான். "நீ ஏர்போர்ட்டுக்கு வரவேண்டாம்க்கா. வெயிலு."

"வாரேன்லே. வராம என்ன."

"சரிக்கா."

வைக்கப் போகிறான் என்று நினைக்கிறேன். வைக்கவில்லை.

"அக்கா. அந்த மாத்திரய வெறும் வயித்துல போடணும், கேட்டியா. சாப்பாட்டுக்கு அரமணி நேரம் முன்ன. சோத்தோட போட்டா பிடிக்காது. அப்பாவுக்கு அப்படித்தான் குடுப்பேன்."

"சரிலே" என்கிறேன். வைத்துவிட்டான்.

கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். சத்தியமாக அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஒரு தடவை கேட்டிருக்கலாம். போர்வையை இழுக்கிறேன், வெயில் வந்து மேஜைமேல் விழுகிறது. சந்து இல்லை. ப்ளாஸ்டர் துண்டுகள், தீக்குச்சி, ஒரு பக்கம் லேசாக உடைந்த வெள்ளை உருண்டை. டின்னைத் திறந்து பொடிக்குள் கையை விட்டு மாத்திரை அட்டையை எடுக்கிறேன். முந்தானையில் துடைத்துக் கொண்டுபோய் சாப்பாட்டு மேஜையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைக்கிறேன். யார் உள்ளே வந்தாலும் முதலில் கண்ணில் படுகிற இடம். வியாழக்கிழமைக்குப் பிறகு யார் வரப் போகிறார்கள்.